காடும் கணக்கும்

உயிர்கள் வாழும் இடங்கள் உலகிற் பல. கடல், ஆறு, வயல், மலை, பாலை என அவை விரியும். அவற்றுள் எண்ணிறந்த உயிர்வகைகளைத் தன்னகத்தே தாங்கி நிற்பது காடு. காடுகளுள்ளும் ஆண்டு முழுவதும் கதிரவனின் வெம்மையைப் பெறும் வெப்ப மண்டலத்துக் காடுகளே உயிர்வளத்தால் தலைசிறந்தவை. ஒரு காட்டில் மரங்கள் எத்துணை என்று வினவுவோர் பலர். மர வகைகள் எத்துணை என்று வினவுவோர் சிலரே. முன்னது தொகை பற்றிய வினா. பின்னது வகை பற்றிய வினா. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் இக்காலத்தே காடுகளுக்குப் பெருங்கேடு விளைக்கின்றது. வகைகளை எண்ணி அறிதலும், அவை பலவாய்ப் பெருகியதன் காரணத்தை ஆராய்தலும் அறிஞர் சிலர்க்கே உரிய தொழில் என்று ஒதுக்கத்தக்கன அல்ல. அவை ஊரார் அனைவர்க்கும், சிறப்பாக மாணவர்க்கும் உரிய கடமையாகும்.

வகைகண்டு நிரல்படுத்தும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக ஆறு வகைப்படுத்தினார். நிலைத்திணையுள் புறத்தே வயிரம் உடையன புல் எனப்படும் என்றும், அகத்தே வயிரம் உடையன மரம் எனப்படும் என்றும் வேறுபடுத்தினார். அவ்வாறு நோக்கின் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினத்தைச் சாரும். வேம்பும் புளியும் மரத்தினத்தைச் சாரும். இக்காலச் செடிநூலாரும் இவற்றை இவ்வாறே இரு வேறு பெரும்பிரிவுகளில் வைத்து எண்ணுகின்றனர். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் கூறி அடுக்கினார். மலைச்சாரலை நாள்தோறும் கண்டு பழகிய கண்ணும், கண்டவற்றைப் பெயரிட்டு அழைக்கும் நாவும் இன்றி அத்தகைய நிரல் அமையாது. பெயர் அறிதலே கணக்கின் முதற்படி என்பது இதனாற் புலனாகும்.

எனினும் பெயர் நிரல் மட்டும் கணக்கு ஆகாது. எவ்விடத்தில், எவ்வளவு பரப்பில், ஒவ்வொரு வகையிலும் எத்துணை மரங்கள் என்பனவும் தெரிந்தால்தான் ஒரு காட்டை மற்றொரு காட்டோடு ஒப்பிட இயலும். போர்னியோத் தீவின் இலம்பீர் என்னும் இடத்தில் 52 எக்டர் பரப்பில் ஏறத்தாழ 1,200 மர இனங்கள் உள எனக் கணக்கிட்டுள்ளனர். ஓர் எக்டர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஆகவே அப்பரப்பு சிற்றூர் ஒன்றின் வயல்வெளியினும் பெரிதன்று. குளிர் மிகுந்த பிரிட்டன் தீவு முழுவதையும் சுற்றி வந்தாலும், அங்குத் தொன்றுதொட்டு வளர்ந்துவரும் மர இனங்கள் சில பத்துகளைத் தாண்டா. இத்துணைப் பெரிய வேறுபாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அம்போல்ட்டு, வாலசு முதலிய இயற்கை ஆராய்ச்சியாளரை வியப்பில் ஆழ்த்தியது. அவ்வியப்பை எண்ணாக மாற்றும் முயற்சி பின்னரே தோன்றியது.

அம்முயற்சியுள் குறிப்பிடத்தக்க ஒன்று மத்திய அமெரிக்காவில் உள்ள பனாமா நாட்டில் நடைபெற்றது. கால்வாய் அமைத்தற்பொருட்டு ஆற்றைத் தேக்கியபோது ஒரு குன்று தீவாயிற்று. பரோ கொலராடோ என்னும் அத்தீவில் 1980ஆம் ஆண்டு அபெல், பாசுட்டர் ஆகிய அறிஞர் இருவர் 50 எக்டர் காட்டை எல்லையிட்டு அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள இளமரம் வரை ஒன்றும் விடாது எண்ணத் தலைப்பட்டனர். ஆங்கு ஏறத்தாழ 300 இனங்கள் இருந்தமை தெரிந்தது. அதே முறையைத் தமிழ்நாடும் மேற்கொண்டது. நீலகிரி அடிவாரத்து முதுமலைக் காட்டில் 1988ஆம் ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தார், இராமன் சுகுமார் தலைமையில், 50 எக்டர் நிலத்தைத் தெரிந்தெடுத்தனர். அதன் நீளம் ஒரு கிலோமீட்டர். அகலம் அரைக் கிலோமீட்டர். இருபது மீட்டருக்கு இருபது மீட்டராக அதனை 1,250 கட்டங்களாகப் பகுத்தனர். ஒவ்வொரு கட்டத்திலும் நிற்கும் ஒவ்வொரு மரத்திற்கும் எண் பொறித்த தகடு இட்டனர், நிலத்தினின்று 1.3 மீட்டர் உயரத்தில் அதன் பருமனை அளந்தனர், இனத்தைக் குறித்தனர். ஏறத்தாழ 26,000 மரங்களும் 70 இனங்களும் அக்கணக்கில் வந்தன.

ஒருமுறை எண்ணியதோடு அப்பணி முடியவில்லை. எவை பட்டன, எவை புதியனவாய் முளைத்தன, எவை எவ்வளவு பருத்தன என மீண்டும் மீண்டும் சென்று பார்த்தனர். அதனால் ஒருமுறைக் கணக்கில் ஒருபோதும் தெரியாத செய்திகள் வெளிப்பட்டன. தொடக்கத்தில் அங்கு மிகுந்திருந்த இனங்களுள் கிடியா என்னும் சிறு மரமும் ஒன்று. யானைகள் அதனை விரும்பி முறித்துத் தின்றன. சில ஆண்டுகளுக்குள் அதன் தொகை பெரிதும் குன்றிற்று. காட்டுத்தீ புகுந்த ஆண்டுகளில் இளமரங்கள் மிகுதியாக மடிந்தன. காடு என்பது எழுதி முடித்த ஏடன்று; நாள்தோறும் அழித்து எழுதப்படும் ஏடு என்பது இதனால் விளங்கும்.

இனி, இனங்களின் எண்ணிக்கை ஒன்றே காட்டின் வளத்தை முழுதும் காட்டுமோ என ஆராய்தல் வேண்டும். இதனை விளக்க உத்திரமேரூரின் பழைய வழக்கம் ஒன்று துணைசெய்யும். முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ளன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த முறையை அவை கூறும். அத்தகைய குடங்கள் இரண்டினை மனத்திற் கொள்க. முதற் குடத்தில் 100 ஓலைகள். பத்து மரங்களின் பெயர்கள் பத்துப் பத்து ஓலைகளில் எழுதப்பட்டுள்ளன. இரண்டாம் குடத்திலும் 100 ஓலைகள். அவற்றிலும் அப்பத்து மரங்களின் பெயர்களே உள்ளன. ஆயின் 91 ஓலைகளில் ஒரே மரத்தின் பெயரும், ஏனைய ஒன்பது ஓலைகளில் ஏனைய ஒன்பது மரங்களின் பெயர்களும் உள்ளன. இனங்களின் எண்ணிக்கை இரண்டிலும் பத்தே. எனினும் இரண்டும் ஒரு தன்மையன என்று எவரும் கூறார்.

அவ்வேறுபாட்டை அளப்பது எவ்வாறு? ஓர் ஓலையை எடுத்துப் பெயரைக் குறித்துக்கொண்டு, அதனைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, மீண்டும் ஓர் ஓலையை எடுத்தல் வேண்டும். இருமுறையும் ஒரே பெயர் வருவதற்கான வாய்ப்பு முதற் குடத்தில் நூற்றுக்குப் பத்து. இரண்டாம் குடத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 83. ஒரே பெயர் மீண்டும் வரும் வாய்ப்பு எவ்வளவு குறைவோ, அவ்வளவு வகைமை மிகுதி என்பது இதன் கருத்து. சிம்சன் என்னும் ஆங்கில அறிஞர் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவை இதுவே. இவ்வாய்ப்பைத் தலைகீழாக்கிக் கணக்கிட்டால் முதற் குடம் பத்து இனங்களுக்கு ஈடாகும். இரண்டாம் குடம் ஓர் இனத்தைச் சிறிதே கடந்து 1.2 என நிற்கும். பெயரளவில் பத்து இனங்களைக் காட்டிப் பயனளவில் ஓர் இனமாய் நிற்கும் காடுகள் இன்று பல. அவற்றை இவ்வளவை எளிதிற் காட்டிக்கொடுக்கும்.

இதனினும் நுட்பமான அளவையைக் கண்டவர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய சி. ஆர். இராவ் ஆவார். ஆலும் அரசும் உறவின் முறையால் நெருங்கியவை. ஆலும் பனையும் மிக விலகியவை. ஆலும் அரசும் மட்டுமே உடைய ஒரு தோப்பையும், ஆலும் பனையும் உடைய ஒரு தோப்பையும் இரண்டு இனம் என்று ஒரே தட்டில் வைத்தல் முறையாகுமா? ஆகாது. எடுக்கும் இரு மரங்களுக்கு இடையே உள்ள வேற்றுமையின் அளவையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்று 1982ஆம் ஆண்டு அவர் ஒரு வாய்பாட்டை வகுத்தார். உலகெங்கும் உயிரியலார் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

கண்ணிற்படாத இனங்களைப் பற்றியும் கணக்கு ஓரளவு கூறும். மலேயா நாட்டில் கார்பெட்டு என்பவர் வண்ணத்துப்பூச்சிகளைத் தொகுத்தார். ஒரே ஒருமுறை அகப்பட்ட இனங்கள் 118. இருமுறை அகப்பட்டவை 74. மும்முறை அகப்பட்டவை 44. இன்னும் சில நாள் தேடின் புதிய இனங்கள் எத்துணை கிடைக்கும் என்று அவர் புள்ளியியல் வல்லுநர் பிசர் என்பாரிடம் வினவினார். அவ்வினாவின் பயனாக 1943ஆம் ஆண்டில் ஒரு புதிய அளவை பிறந்தது. ஒருமுறை மட்டும் தோன்றியவை பலவாயின், காணாதவை இன்னும் பல உள என்பது அதன் உட்பொருள். ஆற்றில் வலை வீசும் மீனவர் ஒவ்வொரு வீச்சிலும் புதுமீன் காணின், ஆறு இன்னும் தன் செல்வம் முழுவதையும் காட்டவில்லை என உணர்வர். காட்டில் எண்ணுவோரும் அவ்வாறே உணர்தல் வேண்டும். ஆகவே, அரியனவாய் நிற்கும் மரங்களைப் பொருட்படுத்தாது விடுவோர் கணக்கின் உயிர்நிலையையே விடுவோர் ஆவர்.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. பத்துத் தோப்புகளில் தோப்பொன்றுக்கு இருபது இனங்கள் உள என்று வைத்துக்கொள்க. எல்லாத் தோப்புகளிலும் அதே இருபது இனங்களே இருப்பின் மொத்தம் இருபது. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இனங்கள் இருப்பின் மொத்தம் இருநூறு. முன்னதில் ஒரு தோப்பு அழியினும் இனம் அழியாது. பின்னதில் ஒரு தோப்பு அழியின் இருபது இனங்கள் அழியும். ஓரிடத்து வகைமை வேறு, இடங்களுக்கிடையே உள்ள வகைமை வேறு என விட்டேக்கர் என்னும் அறிஞர் 1960ஆம் ஆண்டில் பிரித்துக் காட்டியது இதுபற்றியே. சிறிய தோப்புத்தானே, போனால் என்ன என்று கூறுவோர் இந்நுட்பத்தை அறியாதோர்.

இவ்வுண்மை தொண்டை நாட்டிற்கு நேரே பொருந்தும். சோழமண்டலக் கரையை ஒட்டிய சமவெளியில் ஒருவகைக் காடு உண்டு. ஆண்டிற் பல மாதம் வறண்டு, வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பி வாழும் இக்காட்டின் மரங்கள், சிறிய தடித்த இலைகளோடு எக்காலத்தும் பசுமை மாறாது நிற்கும். சாம்பியன், சேத் ஆகிய இருவரும் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் இதனை உலர் பசுமைமாறாக் காடு எனத் தனிவகையாக வைத்தனர். காயா, பாலை, வீரை, நாவல், காட்டெலுமிச்சை, எட்டி, உசில், களா, காரை முதலியன இதன் மரங்களும் புதர்களும் ஆகும். பரந்து கிடந்த இக்காடு இன்று கோயிற் புறங்களிலும் குன்றுச் சரிவுகளிலும் துண்டு துண்டாய் நிற்கின்றது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பார்த்தசாரதியும் அவர்தம் மாணவரும் அத்தகைய கோயிற் காடுகள் பலவற்றைக் கட்டமிட்டு எண்ணிப் பதிவு செய்துள்ளனர். அக்கணக்குகள் இல்லையேல், முள்ளும் புதரும் மண்டிய வெற்றிடம் என்று பலர் ஒதுக்கும் அவ்விடங்களின் அருமை எவர்க்கும் தெரியாது போயிருக்கும்.

எண்ணியபின் எழும் வினா, இத்துணை வகைகள் ஏன் என்பது. மழையின் அளவு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. இலங்கையின் சிங்கராசக் காட்டில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. அங்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக் குணதிலக இணையர் முதலியோர் முயற்சியால் 1993ஆம் ஆண்டு 25 எக்டர் நிலம் அளந்து எண்ணப்பட்டது. அதில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட மரங்களும் 200க்கு மேற்பட்ட இனங்களும் உள. முதுமலை நிலம் அதனினும் இருமடங்கு பெரிது. ஆயினும் மழை குறைவு, கோடை நீளம், தீயும் உண்டு. அதனால் அங்கு இனங்கள் மூன்றில் ஒரு பங்களவே. எனினும் மழை மிகின் மரங்கள் செழிக்கும் என்பது விளங்குகின்றதேயன்றி, செழிப்பவற்றுள் வலிமை மிக்க ஓரினமே ஏனையவற்றை வென்று காடு முழுவதும் பரவாமைக்குக் காரணம் விளங்கவில்லை. உண்மையான புதிர் இதுவே.

அதற்கு விடையாக 1970ஆம் ஆண்டில் சான்சனும் 1971ஆம் ஆண்டில் கானலும் தனித்தனியே ஒரு கருத்தை உரைத்தனர். ஒவ்வொரு மரத்திற்கும் அதனையே நாடி வாழும் பூச்சிகளும் பூஞ்சைகளும் உண்டு. அவை தாய்மரத்தின் அடியில் மிகுந்திருக்கும். தாயின் நிழலில் விழும் விதைகளும் கன்றுகளும் அவற்றிற்கு இரையாகும். தொலைவில் சென்று விழுந்தவையே தப்பிப் பிழைக்கும். தாய்மரத்தை அடுத்த இடம் வேற்றின மரங்களுக்கு வாய்ப்பாகும். ஆகவே எவ்வினமும் ஓரிடத்தில் அளவிறந்து திரளமாட்டாது. இதனைத் தொண்டை நாட்டு உழவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரே நெல்லை ஊர் முழுதும் விதைத்த ஆண்டில் புகையான் புகுந்தால் வயல் முழுதும் கருகுவதை அவர் அறிவர். வயலில் உழவர்க்கு இழப்பாகும் அந்நிகழ்ச்சியே காட்டில் பல இனங்களைக் காக்கும் வேலியாகின்றது. பெலீசு நாட்டுக் காடொன்றில் ஆராய்ச்சியாளர் பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தெளித்துப் பார்த்தனர். மருந்து தெளித்த கட்டங்களில் கன்றுகளின் வகைமை குறைந்தது என்று 1914க்கு நூறாண்டு கழித்து, அதாவது 2014ஆம் ஆண்டில், அவர்கள் வெளியிட்டனர். நோயென இகழப்படும் பூஞ்சையும் காட்டின் காவலருள் ஒன்று என்பது இதனாற் பெறப்பட்டது.

வேறொரு கருத்தும் உண்டு. பரோ கொலராடோத் தீவின் மரங்களை எண்ணிய அபெல் 2001ஆம் ஆண்டில் அதனை விரிவாக எழுதினார். மரங்கள் வலிமையில் ஏறத்தாழ ஒத்தவை என்று கொள்வோம் என்றார் அவர். ஒரு மரம் வீழ்ந்த இடத்தில் எவ்வினம் முளைக்கும் என்பது, குடத்தினின்று எடுக்கும் ஓலையைப் போல, தற்செயலால் அமைவது. மிகுந்த ஓலைகளையுடைய பெயர் மிகுதியும் வரும். குறைந்த ஓலைகளையுடைய பெயர் அரிதாய் வரும். நெடுங்காலத்தில் சில பெயர்கள் குடத்தை விட்டே நீங்கும். புறத்தினின்று வரும் விதைகளாலும், புதிய இனங்களின் தோற்றத்தாலும் குடம் மீண்டும் நிறையும். இக்கருத்தை மறுப்போர் பலர், ஏற்போரும் உளர். யானைக்கு இரையாகிக் குன்றிய முதுமலைச் சிறுமரத்தைக் காண்போர், எல்லா இனமும் ஒத்த வலிமையின என்று ஒப்புதல் அரிது. ஆயினும் இக்கருத்தினின்று கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. ஓரிடத்தில் ஒன்றிரண்டாய் எஞ்சிய இனம், எக்குற்றமும் இன்றியே, தற்செயலால் மட்டுமே அழிந்து போகலாம். தோப்பு சிறுகச் சிறுக இவ்விடர் பெருகும்; புறத்தினின்று விதை வரும் வழியும் அடைபடும்.

இக்கருத்துகளுள் ஒன்றே முழு உண்மை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. மழை, மண், பகைப்பூச்சி, தீ, யானை, தற்செயல் ஆகிய யாவும் தத்தம் பங்கை ஆற்றுகின்றன. எதன் பங்கு எவ்வளவு என்பதை வாதத்தால் தீர்த்தல் இயலாது. பல்லாண்டுக் கணக்கே அதனைத் தீர்க்கும். ஆகவே ஆராய்ச்சிக்கு அறிவுக்கூர்மை எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது பொறுமை.

இவையெல்லாம் நாட்டு வாழ்விற்கு எவ்வாற்றாற் பயன்படும்? இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் வான்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் காட்டுப் பரப்பை அளக்கின்றது. ஓர் எக்டருக்குக் குறையாத நிலத்தில் மரமுகட்டின் கவிகை பத்தில் ஒரு பங்கேனும் இருப்பின் அது காட்டுப் பரப்பாக எண்ணப்படும். அது யாருடைய நிலம், அங்கு வளர்வது எம்மரம் என்பன அவ்வளவையில் வேறுபாடு செய்யா. பழத்தோப்பும் அதனுள் அடங்கும். தமிழ்நாட்டில் காடும் மரமும் சேர்ந்து நிலப்பரப்பில் 33 விழுக்காடு ஆதல் வேண்டும் என்னும் குறிக்கோளோடு 2022ஆம் ஆண்டில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பெற்றது. குறிக்கோள் போற்றத்தக்கதே. ஆயினும் பரப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், அதனைச் சவுக்கால் நிரப்பலாம். தைல மரத்தால் நிரப்பலாம். அமெரிக்கக் கண்டத்தினின்று வந்து ஏரிகளை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலும் வானினின்று நோக்கப் பசுமையாகவே தோன்றும். விழுக்காடு உயரும், குடத்தில் ஓலைகள் பெருகும், பெயர்களோ குறைந்துகொண்டே செல்லும்.

சவுக்குப் பயிரிடும் உழவரைக் குறைகூறுதல் இதன் கருத்தன்று. விறகும் கழியும் விற்று வாழ்வு நடத்தும் அவர்க்கு அது நெல்லைப் போன்ற ஒரு பயிரே. பயிரைப் பயிர் என்று கூறுக. காடு என்று கூறற்க என்பதே வேண்டுவது. நடப்பட்ட மரக்கன்றுகளின் தொகையை அறிவிக்கும் பலகைகளில், அவை எத்துணை இனத்தன, அவற்றுள் அம்மண்ணுக்கு உரியன எவை, ஐந்தாண்டு கழித்து எஞ்சியவை எத்துணை என்பனவும் எழுதப்படுதல் வேண்டும். காட்டுப் பரப்பைக் கூறும் அறிக்கைகளில் ஒவ்வொரு மாவட்டத்தின் மர வகைமையும் உடன் கூறப்படுதல் வேண்டும். தொகை அரசுக்கு எளிது. வகையோ உயிர்களுக்கு இன்றியமையாதது.

எண்ணாமலே முன்னோர் கோயிற் காடுகளைக் காத்தனர் அல்லரோ என்று சிலர் வினவலாம். காத்தனர், உண்மையே. தெய்வத்தின் மரத்தை வெட்டினால் தீங்கு வரும் என்னும் அச்சம் வேலியாய் நின்றது. அவ்வச்சம் இன்று தேய்ந்துவிட்டது. சாலை போடவும் மனை பிரிக்கவும் வருவோர், இங்கு என்ன இருக்கின்றது என்று கேட்கும்போது, மரங்கள் வாய்திறந்து விடை கூறா. அவற்றின் சார்பில் பேச வல்லது எழுதிவைத்த கணக்கே. அன்பினாற் காப்பதும் கணக்கினாற் காப்பதும் ஒன்றற்கொன்று பகையல்ல. தன் மக்களின் பெயரும் பிறந்த நாளும் அறிந்த தாயின் அன்பு அவ்வறிவினாற் குறைவதுண்டோ?

பெயர்களும் இன்று அழிந்து வருகின்றன. காஞ்சிக்கும் உத்திரமேரூருக்கும் இடையே பாலாற்றை அடுத்து ஓரிக்கை என்னும் ஊர் உள்ளது. திருமழிசையாழ்வாரும் அவர் மாணவர் கணிகண்ணரும் காஞ்சியை விட்டு நீங்கியபோது, திருமாலும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு அவர் பின்னே சென்று ஓரிரவு தங்கிய இடம் ஆதலின், ஓரிரவிருக்கை என்பது ஓரிக்கை ஆயிற்று என்பர். அத்திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று போற்றுதல் தமிழ் மரபு. அவ்வூர்ச் சிறுவரும் அப்பெயரை வழிபாட்டிற் கேட்பர். ஆயின் காயாமரத்தைக் கண்டோர் அவருள் எத்துணைபேர்? கிளை முழுதும் நீலமணி கோத்தாற்போல அது பூத்து நிற்கும் காட்சியை அறியாதோர்க்கு, அவ்வுவமை வெறுஞ்சொல்லாய் நிற்கும். மரம் அழியின் மரத்தோடு பூச்சியும் பறவையும் மட்டும் அழிவதில்லை. சொல்லின் பொருளும் உடன் அழிகின்றது. மொழியைக் காக்க விரும்புவோர் காட்டையும் காத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆகவே ஊர்தோறும் பள்ளிதோறும் இப்பணி தொடங்கப்படுதல் நன்று. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கயிறு ஒன்று, அளவுநாடா ஒன்று, குறிப்பேடு ஒன்று, மரம் அறிந்த முதியவர் ஒருவர் ஆகியன போதும். ஊரின் கோயிற் புறத்திலோ ஏரிக்கரையிலோ இருபது மீட்டர்க் கட்டம் ஒன்றை மாணவர் அளந்துகொள்க. அதனுள் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் எண்ணுக, பெயரை முதியவரிடம் கேட்டறிக, பருமனைக் குறிக்க, ஆசிரியர் துணையுடன் செடிநூற் பெயரையும் அருகே எழுதுக. ஆண்டுதோறும் அதே நாளில் அதே கட்டத்திற்குச் செல்க. ஒரு வகுப்பு எழுதிய ஏட்டை அடுத்த வகுப்பு பெற்றுக்கொள்க. பத்தாண்டு சென்றபின் அவ்வேடு ஊரின் செல்வமாகும். இருபதாண்டு சென்றபின் நாட்டின் செல்வமாகும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரிக்கு ஒரு வாரியமும் தோட்டத்திற்கு ஒரு வாரியமும் இருந்தமையைக் கூறுகின்றது. வாரியப் பொறுப்பை ஏற்றுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்றும் அது விதிக்கின்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே, பொதுப்பொருளை ஆள்வோர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டோர் என்பதைக் கல்லில் எழுதிவைத்த நாடு இது. காடு பொதுப்பொருளுள் தலையாயது. அதனை இன்று ஆள்வோர் இக்காலத்து மக்கள். அதற்கு உரியோரோ இனி வரப்போகும் மக்களும், வாய்பேசா உயிர்களும் ஆவர். அவ்வுரியோர் கணக்குக் கேட்கும் நாளில், பரப்பு இவ்வளவு என்று மட்டும் கூறி நிற்றல் போதாது. இன்னின்ன இனங்களைப் பெற்றோம், இன்னின்னவற்றைக் குறையாது ஒப்படைக்கின்றோம் என்று பெயர் சொல்லிக் கூறவல்லோரே தகுதியுடையோர். அத்தகுதியைத் தேடிக்கொள்ளுதற்கு உரிய பருவம் மாணவப் பருவமே.